இல்லை என்றால் எழுதிக் கொடு

"இல்லை" என்று சொல்ல ஒரு குமாஸ்தாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? தலையை நிமிர்த்தக்கூட வேண்டாம். கண் பேப்பரில், கை சாயா கிளாஸில், வாயில் மட்டும் ஒரு "நஹி ஹை". கவுண்டருக்கு வெளியே நிற்கிறவள் எங்கிருந்து வந்தாள், இது எத்தனையாவது தடவை, எத்தனை பேரிடம் கெஞ்சி லீவு வாங்கினாள் என்பதெல்லாம் அவருக்கு எதற்கு? நானும் அப்படி எத்தனையோ "இல்லை"களை வாங்கிக்கொண்டு ரயிலேறியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது.

நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவள் அப்படிச் சும்மா திரும்பி நான் பார்த்ததே இல்லை. கவுண்டர் பலகையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொள்வாள். குரலை ஏற்றவும் மாட்டாள், இறக்கவும் மாட்டாள். "நஹி ஹை தோ லிக் கே தோ, சாப்" என்பாள். இல்லையென்றால் இல்லையென்று எழுதிக் கொடுங்கள். கீழே கையெழுத்து, தேதி, சீல். அவ்வளவுதான் அவள் கேட்டது.

அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட எந்தக் குமாஸ்தாவுக்கும் கை வராது. நாளைக்கு அந்த ஃபைல் எங்கிருந்தாவது வந்து நின்றுவிட்டால் எழுதிய ஆள்தானே பதில் சொல்ல வேண்டும்? அதற்குத் தேடிப் பார்த்துவிடுவதே மேல் என்று அவருக்குத் தோன்றும். முனகிக்கொண்டே எழுந்து உள்ளே போவார். அக்கா பலகையை விட்டு நகராமல், வேறு யாருக்கோ பஸ் வரக் காத்திருப்பது போல நிற்பாள்.

அவள் வக்கீலும் இல்லை, வக்கீல் ஆபீஸில் வேலை பார்த்தவளும் இல்லை. தாராவியில் ஒரு சந்துக்குள், தோல் பர்ஸ்களுக்கு உள்துணி வெட்டித் தைத்துக் கொடுக்கிறவள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் நம்பரும் வருஷமும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வாரத்தில் ஒரு நாள் தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு, யாராவது ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்புவாள். போகவர டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் போதும். மத்தியானச் சோற்றை அவளே கட்டிக்கொண்டு வருவாள், கூட வருகிறவளுக்கும் சேர்த்து.

எதற்குக் கோர்ட்டு என்றால், உயிலுக்கு. பம்பாயில் ஒருவர் உயில் எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனால், அந்த உயில் செல்லும் என்று கோர்ட்டு முத்திரை வைத்துத் தர வேண்டும். அதற்குப் பேர் புரோபேட். அசல் உயிலைக் கோர்ட்டே வாங்கி வைத்துக்கொள்ளும். மனு, உயில், வாரிசுகள் கொடுத்த சம்மதம் எல்லாம் ஒரு கட்டாக ரெக்கார்டு ரூமுக்குப் போய்விடும். மகனிடம் ஒரு நகல் இருக்கும். மகளிடம் ஒன்றும் இருக்காது. எங்கள் சனத்தில் மகளுக்குச் செய்ய வேண்டியதைக் கல்யாணத்திலேயே செய்தாயிற்று என்று ஒரு பேச்சு உண்டு. பெண்களும் அதை நம்பிக்கொண்டு வாயை மூடிக் கிடந்தார்கள். வரிசை ரூம்களாகக் கட்டிய பழைய சால் வீடுகளை இடித்துப் புதுக் கட்டடம் எழுப்பப் பில்டர் வந்து நிற்கும்போதுதான், அப்பா ஏதோ எழுதிவைத்தாரே, என்ன எழுதினார் என்று ஞாபகம் வரும். அப்புறம் அக்காவைத் தேடி ஓடிவருவார்கள். நானும் அப்படி ஓடினவள்தான்.

அவளைக் கேலி செய்யாத ஆள் அந்தச் சந்தில் கிடையாது. கோயில் கொடைக்கு வரி வாங்க வந்த கமிட்டிக்காரர்கள், "போன வருஷம் நீங்க தரலையே" என்று சொன்னதற்கு, "தரலன்னு எழுதிக் குடுங்கய்யா" என்று அவர்களை வாசலிலேயே நிறுத்திவைத்தாள். அவர்கள் நோட்டைத் திரும்பப் புரட்டியபோது அவள் பேர் இருந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்று சொன்ன டாக்டரிடமும் அதையே கேட்டாள். அரை மணி நேரத்தில் படுக்கை வந்தது. அக்காவுடைய தம்பி மகன் கல்யாணத்துக்கு வர முடியாது என்று ஒருத்தி சொன்னபோது, பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரே குரலாக, "எழுதிக் குடுக்கச் சொல்லுங்கக்கா" என்று கத்திச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, "எழுதித்தான் குடுக்கட்டுமே, என்ன கெட்டுச்சு?" என்றாள்.

அவளுடைய சொந்தக் கதையை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். மாமனார் உயிலில் அவளுக்கு ஒரு ரூம் எழுதியிருந்தார். அவள் அதைத் தேடிக் கோர்ட்டுக்குப் போன முதல் வருஷம் முழுக்க, "இல்லை" என்று சொல்லிச் சொல்லியே அனுப்பிவிட்டார்கள். அவளும் நம்பித் திரும்பிக்கொண்டிருந்தாள். கடைசியில் நகல் கையில் வந்தபோது அந்த ரூம் இடிந்து மண்ணாகி, அந்த இடத்தில் வேறு யாரோ குடியேறியிருந்தார்கள்.

"பின்ன என்னத்துக்கு அந்த நகலை வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். எனக்குத்தான் கோபம் பொங்கியது.

"ரூமு போச்சு. ஆனா அது எனக்குள்ளதுன்னு அதுல எழுதிருக்குல்லா?" என்றாள். எனக்கு அது ஆறுதலாகப் படவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கும் அப்படிப் படவில்லை என்றுதான் தோன்றியது.

எங்கள் விஷயம் இது. மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவில் ஒரு பழைய சாலில் என் தாத்தா, அம்மாவுடைய அப்பா, இரண்டு ரூம் வைத்திருந்தார். என் அப்பா சீக்கிரமே செத்துப்போனதால் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு தாத்தாவிடமே வந்துவிட்டாள். பின் ரூமில் நாங்கள், முன் ரூமில் மாமா குடும்பம். தாத்தா போன பிறகும் அப்படியே ஓடியது. மாமாவும் போனார். நான் கல்யாணமாகிக் காட்கோபர் வந்தேன். அம்மா மட்டும் அந்தப் பின் ரூமில் இருந்தாள். அப்போதுதான் பில்டர் வந்தான். மாமா மகன் என் அம்மாவிடம் வந்து, "அத்த, ரெண்டு ரூமும் அப்பா பேருல புரோபேட் ஆயிருக்கு. இத்தன வருசம் இருக்க விட்டதே பெருசு. நீங்க மக வீட்டுக்குப் போயிருங்க" என்றான். இருக்க விட்டதாம்! அந்த வீட்டில் அவனுக்குப் பால் ஆற்றிக் கொடுத்தவள் என் அம்மா.

உயிலைக் காட்டச் சொன்னால் முதல் பக்கத்தின் ஜெராக்ஸை மட்டும் காட்டினான். மிச்சம் எங்கே என்றால் தொலைந்துவிட்டதாம்.

அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ரெஜிஸ்டரில் தாத்தா பேரைத் தேடினால் இல்லை. அது வேறு ஒரு கூத்து. இந்த ஊரில் எந்த ஃபாரத்திலும் பேர், அப்பா பேர், குடும்பப் பேர் என்று மூன்று கேட்பார்கள். நமக்கு ஏது குடும்பப் பேர்? ஃபாரம் நிரப்புகிறவன் மூன்றாவது கட்டத்தில் தனக்குத் தோன்றியதைப் போட்டுவிடுவான். ரெஜிஸ்டரோ அந்த மூன்றாவது பேரை வைத்துத்தான் வரிசை. அக்கா ஒரு பேப்பரில் தாத்தாவின் அப்பா பேர், சாதிப் பேர், குலசாமி பேர் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினாள். எதிலும் இல்லை. மறுநாள் என் அம்மாவிடம் வந்து, "மைனி, ஒங்க அப்பாவ மில்லுல என்ன சொல்லிக் கூப்புடுவாவ?" என்று கேட்டாள். எங்கள் ஊர்ப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்றாள் அம்மா. அடுத்த வாரம் போய் ஊர்ப் பேரில் தேடினோம். இருந்தார். என் தாத்தா அத்தனை வருஷமும் தன் ஊராகவே அந்த ரெஜிஸ்டரில் கிடந்திருக்கிறார்.

நம்பர் கிடைத்தும், வக்கீல் இல்லாமல் ஃபைலைப் பார்க்க முடியாது என்றார் ஒருவர். அக்கா முழங்கையை ஊன்றினாள். முடியாது என்று அவர் எழுதிக் கொடுக்கவில்லை. மனுவையும் ஸ்டாம்பையும் வாங்கிக்கொண்டார். கிடங்கிலிருந்து ஃபைல் வர மூன்று வாரம் ஆயிற்று.

வெளிறிய பச்சைத் தாள்கள், ஓரத்தில் வெள்ளை நூல். உயில் தமிழில் இருந்தது. அதோடு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு ஒன்று. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமிழை வாய்விட்டுப் படித்தாள். இரண்டாவது பக்கத்தில் தாத்தா எழுதியிருந்தார்: முன் ரூம் மகனுக்கு. பின் ரூமும் அதை ஒட்டிய குளிக்கிற மோரியும் புருஷனை இழந்து வந்து என்னைக் கவனித்துவரும் என் மகளுக்கு; அவளுக்குப் பின் அவள் பிள்ளைக்கு.

நான் கத்தியே விட்டேன். பக்கத்து மேஜையில் இருந்தவர் "சுப்", வாயை மூடு என்றார். அவரைப் பற்றி யாருக்குக் கவலை? முப்பது வருஷமாக என் அம்மா சொந்த ரூமில் ஒண்டிக்குடித்தனக்காரி மாதிரி, மாமி முகம் பார்த்துத் தண்ணீர் பிடித்திருக்கிறாள்.

அக்கா அடுத்த தாளைத் திருப்பினாள். அது அம்மா கொடுத்ததாக ஒரு பிரமாணப் பத்திரம். எனக்கு உயிலில் கிடைக்கும் ரூமை என் அண்ணனுக்கே மனமுவந்து விட்டுக்கொடுக்கிறேன் என்று இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. கீழே ஒரு ரப்பர் ஸ்டாம்பு: தமிழில் வாசித்துக் காட்டி விளக்கப்பட்டது. என் அம்மா அந்தக் கோர்ட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. யாருக்கு வாசித்துக் காட்டினார்கள்? எந்தச் சுவருக்கு விளக்கினார்கள்? ஸ்டாம்பின் பக்கத்தில் அம்மாவின் பேர் தமிழில் கையெழுத்தாக இருந்தது.

"ஒங்க அம்மைக்குத்தான் எழுதத் தெரியாதே. கைநாட்டுதான?" என்றாள் அக்கா. அவள் குரலில் சந்தோஷம் தெரிந்தது. "கள்ளக் கையெழுத்துட்டீ! மாட்டிக்கிட்டானுவ. யாரு போட்டிருப்பா?"

நான் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெய்யெழுத்தின் மேல் புள்ளிக்குப் பதில் சின்னச் சின்ன வட்டம். எழுத்துக்கு அடியில் ஸ்கேல் வைத்துப் போட்ட பென்சில் கோடு, பாதி அழிந்து கிடந்தது.

"தெரியலக்கா" என்றேன்.

தெரியாமல் என்ன? எனக்கு அப்போது ஒன்பது வயது. முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வகுப்பிலேயே நல்ல கையெழுத்து என்னுடையதுதான். ஒரு நாள் அம்மா தண்ணீருக்குப் போயிருந்தபோது மாமா ஒரு பச்சைத் தாளோடு வந்தார். "ஒன் எழுத்து முத்து முத்தா இருக்குமாமே. அம்மா பேர எழுது பாப்போம். ரேஷன் கார்டுக்கு" என்றார். முதலில் நோட்டில் எழுதிக் காட்டச் சொன்னார். பிறகு தாளில். கோடு போடாமல் எழுதினால் டீச்சர் அடிப்பார் என்பதால் நான் ஸ்கேலை எடுத்துக் கோடு போட்டுவிட்டு எழுதினேன். அவர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். எனக்கு அன்று முழுக்க ஒரே பெருமை. ஒன்பது வயதுப் பிள்ளையின் கையால் அதன் தாயிடமே திருடியிருக்கிறார். செத்துப்போனவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் தினமும் திட்டுகிறேன்.

நகல் வந்தது. புரோபேட்டை ரத்து செய்யக் கேட்கலாம் என்றார் அக்கா காட்டிவிட்ட பெண் வக்கீல். ஆனால், கையெழுத்து அம்மாவுடையது இல்லை என்று நாம் சொல்வோம், அவளுக்கு எழுதத் தெரியும், மறைக்கிறாள் என்று அவர்கள் சொல்வார்கள், யார் எழுதியது என்று பார்த்த சாட்சி இருக்கிறதா என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். என் கையால் என் அம்மா ரூம் போனது என்று எந்த வாயால் சொல்வது? அதன் பிறகு அக்காவின் போனையும் எடுப்பதில்லை.

ஒரு நாள் காலையில் அக்கா நான் வேலை பார்க்கும் காட்கோபர் மருந்துக் கடைக்கே வந்துவிட்டாள். கவுண்டரில் இரண்டு முழங்கையையும் ஊன்றினாள். இந்தப் பக்கம் நான்.

"அந்தக் கையெழுத்து யாருதுன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு எழுதிக் குடு."

குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. பில் புக்கை என் பக்கம் தள்ளினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை வெளியே போகச் சொல்லியிருப்பேன். ஆனாலும் பேனாவை எடுத்தேன். "எனக்கு" என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. அந்தக் குமாஸ்தாக்கள் எல்லாரும் அவளை ஏன் அப்படி வெறுத்தார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

"பெரிய ஆளு எவனும் கையெழுத்துக்கு அடியில ஸ்கேல் வச்சுக் கோடு போடமாட்டான்" என்றாள் அக்கா மெதுவாக. "பள்ளிக்கூடத்துப் பிள்ளதான் போடும். அந்த வீட்டுல அன்னைக்குப் பள்ளிக்கூடம் போன பிள்ள நீ ஒருத்திதான. நான் அன்னைக்கே பாத்துட்டேன். நீயே சொல்லுவன்னு இருந்தேன்."

அழுதேன். என்னிடம் கோபப்படுங்கள் என்றேன். அவள் கோபப்படவில்லை.

"எத்தன கவுண்டருல எத்தன பேருட்ட எழுதிக் குடுன்னு கேட்டிருக்கேன். ஒருத்தனும் உள்ளத உள்ளபடி எழுதித் தந்ததில்ல. நீயாவது தாட்டீ" என்றாள்.

எழுதினேன். வக்கீல் அம்மா அதைப் பிரமாணப் பத்திரமாக டைப் அடித்தார். ஆனால் அதில் நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அக்கா ஒரு நிபந்தனை வைத்தாள். அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். "இந்தத் தடவையாவது நெசமா வாசிக்கட்டும்" என்றாள்.

பின் ரூமில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் ஒரு வரி விடாமல் வாசித்தேன். முடித்ததும் அம்மா அந்தப் பழைய தாளின் நகலைக் கையில் வாங்கிக் கையெழுத்தை விரலால் தொட்டாள்.

"இதுதான் எம் பேரா?"

"ஆமாம்மா."

மாமாவைத் திட்டுவாள், இல்லையென்றால் என்னை அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எம் பேர எழுத ஒனக்கு அப்பமே தெரிஞ்சிருக்கு" என்றாள். "எனக்குச் சொல்லிக் குடுக்கணும்னு ஒனக்குத் தோணவே இல்லையே."

பக்கத்தில் கிடந்த பேனாவை எடுத்து, "இப்பச் சொல்லித் தா. நானே போடுதேன்" என்று அம்மா கையை நீட்டினாள். நான் அவள் விரலைப் பிடிக்கப் போனேன். அக்கா பாய்ந்து பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.

"வேண்டாம் மைனி! இப்ப நீங்க எழுதப் பழகினா, 'பாருங்க, எழுதுதா, அன்னைக்கும் இவதான் போட்டா'ன்னுருவானுவ. கேஸ் முடியுற வரைக்கும் பேனாவையே தொடாதீங்க. கைநாட்டுத்தான்."

அவள் சொன்னது சரிதான் என்று வக்கீல் அம்மாவும் சொன்னார். சரியாக இருப்பதுதான் வயிற்றெரிச்சல். எழுதத் தெரியாததால் ஏமாற்றப்பட்ட ஒருத்தி, தான் ஏமாற்றப்பட்டதை நிரூபிக்க எழுதத் தெரியாமலே இருக்க வேண்டும். இதை எந்தக் கவுண்டரில் போய்க் கேட்பது? அக்காவும் பேனாவைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் யாரிடமும் எதையும் எழுதாதே என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கேஸ் முடியும்வரை ரூமைத் தொடக்கூடாது என்று தடை உத்தரவு கிடைத்தது. அம்மா பின் ரூமிலேயே இருக்கிறாள். மாமா மகன் பதில் மனு போட்டான், நாங்கள் அதற்குப் பதில் போட்டோம். அக்கா ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். கேஸ் இன்னும் முடியவில்லை. அம்மாவுக்கு எழுபத்தாறு ஆகிறது. கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

ஒவ்வொரு தடவையும் அடுத்த தேதியையும் அம்மா கைநாட்டு வைக்க வேண்டிய தாளையும் வாங்கிக்கொண்டு நான் அந்த வீட்டுக்குப் போகிறேன். ரூம் என்ன ஆயிற்று என்று அம்மா கேட்பதில்லை. கட்டைவிரல் மையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "இனி எழுதிப் பழகலாமாட்டீ?" என்று கேட்கிறாள்.

இன்னும் இல்லைம்மா என்று சொல்கிறேன்.